அகல டயரும் ஒரு மன்னிப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள், அதிலும் வீட்டில் வளர்ந்த மகன் இருப்பவர்கள், பொறுமையாக வாசியுங்கள். இதில் "நாங்கள்" என்று வருகிற இடமெல்லாம் வாப்பாவும் மகனும்தான். உம்மா அந்த "நாங்கள்" உள்ளே இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறோம். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டோம்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய நிசான் சன்னி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். மறுபடி தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் எங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் இருக்கிற காரைத் துடைத்து மினுக்கி வைத்துக்கொண்டதுதான் மிச்சம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மகனுக்கு அந்த மினுக்கலில் ஓர் ஆசை வந்தது. அலோய் ரிம், அகல டயர்.

கதவுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எங்கள் காரின் டயர் அளவு 175/70 ஆர் 13. அதாவது டயரின் அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 வீதம், ரிம் 13 அங்குலம். மகன் கேட்டது 195/50 ஆர் 15. வாப்பா முதலில் மறுத்தார். "பெரிய சில்லு போட்டா ஸ்பீடோமீற்றர் பிழைக்கும்" என்றார். மகன் தாளும் பேனையும் கொண்டுவந்தான்.

பழையது: பக்கச்சுவர் 122.5, இரண்டு பக்கமும் சேர்த்து 245, ரிம் 330.2. மொத்த விட்டம் 575.2 மில்லிமீற்றர்.

புதியது: பக்கச்சுவர் 97.5, இரண்டு பக்கமும் 195, ரிம் 381. மொத்தம் 576.

வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற மனிதரிடம் மகன் கணக்கோடு வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? சீட்டெடுத்த காசு வெளியே வந்தது. "எஃப் வன் காரே 2022 இல இருந்து 18 அங்குலத்துக்கு மாறிட்டு, வாப்பா" என்று மகன் கடைசி ஆணியையும் அடித்தான். 2021 வரை அதே எஃப் வன் கார்கள் ஓடியது எங்கள் சன்னியைப் போல 13 அங்குல ரிம்மில் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

முதல் நாள் திகனையிலிருந்து பல்லேகலை மைதானம் வரை ஓட்டிப் பார்த்தோம். பொய் சொல்லக்கூடாது, கார் கத்தி மாதிரித் திரும்பியது. பழைய டயரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பக்கச்சுவர் முதலில் கொஞ்சம் நெளியும், அதற்குப் பிறகுதான் கார் திரும்பும். புதியதில் பக்கச்சுவர் இரண்டரை சென்ரிமீற்றர் குட்டை. நெளிய இடமில்லை. கை அசைந்ததும் கார் அசைந்தது. ஸ்டியரிங்கும் கொஞ்சம் பாரமாக, "பெரிய கார்" போல இருந்தது. நாங்கள் சந்தோஷமாக வீடு வந்தோம்.

ஆனால் அந்தக் காரை அதிகம் ஓட்டுவது நாங்கள் அல்ல, உம்மா. சின்ன மகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு, குண்டசாலை, தென்னக்கும்புர வழியாகக் கண்டிக்கு வேலைக்குப் போவது அவர்தான். 38 வயதில் ஓட்டப் பழகியவர். ட்ரயலில் இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவை லைசன்ஸ் எடுத்தவர். அந்த லைசன்ஸ் கிடைத்த நாள் வீட்டில் பெருநாள் போல இருந்தது.

முதல் வாரமே அவர் மூன்று விஷயம் சொன்னார்.

ஒன்று, நிறுத்தி எடுக்கும்போது கை நோகிறது.

இரண்டு, பஸ்கள் நின்று நின்று தார் அமிழ்ந்த இடங்களில் கார் அந்தத் தடத்துக்குள் தானாக இழுபடுகிறது.

மூன்றாவதை அவருடைய பாஷையிலேயே எழுதுகிறோம். "ஸ்டியரிங் கையில பாரமா ஈக்கிது. ஆனா முன்ன மாதிரி ஒண்டும் செல்றதில்ல."

நாங்கள் சிரித்தோம். "ஸ்டியரிங் என்னத்த செல்றது?" என்று மகன் கேட்டான். "பழகினா சரியாகிடும்" என்று வாப்பா சொன்னார். அவர் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அது நடந்தது மஹியங்கனைப் பக்கம் ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போது. 18 வளைவு உங்களுக்குத் தெரியும். (பாதையைத் திருத்திய பிறகு எண்ணினால் 17 தான் வரும் என்பார்கள்.) அதில் அவ்வளவு வளைவையும் உம்மாதான் ஏற்றி வந்தார், ஒரு பிசகும் இல்லாமல். உடுதும்பறையில் மழை பிடித்தது. ஹுன்னஸ்கிரிய தாண்டி தெல்தெனிய பக்கம் இறங்கும்போது எதிரே ஒரு லொறி. பாதையில் அவர் இடது பக்கம் ஒதுங்கி, மெல்ல பிரேக் பிடித்தார். இடது சில்லு ஓரத்தில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் இறங்கியது.

அந்த நொடி ஸ்டியரிங்கை யாரோ கையிலிருந்து பறித்ததுபோல இடது பக்கம் இழுத்தது. முன் ரிம் கானின் விளிம்பில் அடித்து நின்றது. இன்னும் இரண்டு அடி போயிருந்தால் சில்லு கானுக்குள். கான் இல்லாத வளைவாக இருந்திருந்தால்... அதை நாங்கள் எழுத விரும்பவில்லை. பின்சீட்டில் சின்ன மகள் நித்திரையில் இருந்தாள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

உதவிக்கு நின்ற ஒருவர் உம்மாவிடம் பேசாமல் வாப்பாவிடம் சிங்களத்தில் சொன்னார், நோனாவுக்கு மலைப்பாதை சரிவராது என்று. வாப்பா பதில் சொல்லவில்லை. மகனும் சொல்லவில்லை. மிச்சத் தூரம் வாப்பா ஓட்டினார். உம்மா பின்சீட்டில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் காலை அவர் திறப்பை எடுக்கவில்லை. பஸ்ஸில் போனார். அதற்கு அடுத்த நாளும். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. மனதுக்குள் எங்களுக்கும் அந்த மனிதர் சொன்னதுதான் சரியென்று பட்டது. ஐந்து வாரம் அப்படிப் போனது.

அது தரம் 10 வகுப்பில் திறந்தது. பாடம் அழுத்தம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுக்க வருவது. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான். "சேர், அப்ப அகல டயர் போட்டா ரோட்டுல கூட இடம் படுமா?" படும் என்று வாய் வரைக்கும் வந்தது. கரும்பலகையில் கணக்கை எழுதியபோது வாய் மூடிவிட்டது.

நீங்களும் போட்டுப் பாருங்கள். கார் ஏறக்குறைய 1000 கிலோகிராம். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன் சில்லு ஒன்றில் 300 கிலோகிராம் என்று வையுங்கள். விசை ஏறக்குறைய 2940 நியூட்டன். டயருக்குள் காற்று 30 பீ.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 207 கிலோபஸ்கால். வகுத்தால் 142 சதுர சென்ரிமீற்றர். ஒரு தபாலட்டையை விடச் சற்றுப் பெரிது. அந்த அளவுதான் ஒரு சில்லு தரையைத் தொடுகிறது. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை! பாரமும் காற்றும் மட்டும்தான். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கும் என்பதால் விடை கொஞ்சம் அங்கே இங்கே போகும், ஆனால் பெரிதாக மாறாது.

இன்னும் மோசமான செய்தி. டயர் மாற்றிய இடத்தில் "அகல டயருக்குக் காத்து கூட வேணும்" என்று 36 அடித்து அனுப்பியிருந்தார்கள். 36 இல் கணக்குப் போட்டால் 119 சதுர சென்ரிமீற்றர். சீட்டுக் காசைக் கொடுத்து, தரையைத் தொடும் இடத்தைக் குறைத்து வாங்கியிருக்கிறோம்.

அன்று பின்னேரம் வாப்பாவும் மகனும் காரை ஜாக்கில் தூக்கினோம். டயரில் நீலச் சோக்குத் தூள் பூசி, கீழே மட்டைத்தாள் வைத்து, மெல்ல இறக்கித் தூக்கினோம். பிறகு கராஜ் மூலையில் கிடந்த பழைய 13 அங்குலச் சில்லைப் பூட்டி அதே மாதிரிச் செய்தோம். இரண்டிலும் காற்று 30. பழைய டயரின் தடம் 13 சென்ரிமீற்றர் அகலம், ஏறக்குறைய 11 நீளம். புதியதின் தடம் 16 அகலம், 9 நீளம். பரப்பளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறியது வடிவம். பழையதின் தடம் கார் போகும் திசையில் புதியதை விட நீண்டிருந்தது. புதியது குறுக்கே படுத்திருந்தது.

அந்த இரண்டு தாளையும் மேசையில் வைத்துவிட்டு, உம்மா சொன்ன மூன்று விஷயத்தையும் ஒவ்வொன்றாக எடுத்தோம்.

முதலாவது, கை நோவது. நிற்கும் காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தத் தடம் தரையில் தேய்ந்துகொண்டே சுழல வேண்டும். குறுக்கே அகலமான தடத்தின் ஓரங்கள் நடுவிலிருந்து தூரத்தில் இருக்கின்றன. தூரம் கூடினால் திருப்பம் கூடும். இது தரம் 10 பாடம். பாரம் அங்கிருந்து வருகிறது. அது தேய்வின் பாரம், செய்தி எதுவும் அதில் இல்லை.

இரண்டாவது, தடத்துக்குள் இழுபடுவது. அகலமான டயர் அமிழ்ந்த தடத்தின் சரிவில் ஒரு ஓரத்தால் ஏறி நிற்கிறது. விறைப்பான பக்கச்சுவர் நெளிந்து கொடுப்பதில்லை. பாரம் அந்த ஓரத்துக்குப் போய், ஸ்டியரிங்கைத் தன் பக்கம் திருப்புகிறது.

மூன்றாவது, "ஒண்டும் செல்றதில்ல." இதைத்தான் நாங்கள் சிரித்தோம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பௌதிகவியல்.

வளைவில் திரும்பும்போது டயரின் தடம் பக்கவாட்டில் இழுபடுகிறது. தடத்தின் முன் விளிம்பில் ரப்பர் புதிதாகத் தரையைத் தொடுகிறது, அங்கே நெளிவு குறைவு. பின்னால் போகப் போக நெளிவு கூடும். அதனால் பக்கவிசை தடத்தின் நடுவில் அல்லாமல், அதற்குச் சற்றுப் பின்னால் வேலை செய்கிறது. அந்தச் சில சென்ரிமீற்றர் தூரமே ஒரு நெம்புகோல். சில்லை நேராக்கப் பார்க்கும் அந்த எதிர்ப்பைத்தான் வளைவில் கை உணர்கிறது.

இப்போது முக்கியமான இடம். வேகம் கூடி, அல்லது மழை பெய்து, பிடி முடியப்போகும்போது தடத்தின் பின்பகுதிதான் முதலில் வழுக்குகிறது. விசை நடுவை நோக்கி நகர்கிறது. நெம்புகோல் சுருங்குகிறது. ஸ்டியரிங் லேசாகிறது. சில்லு உண்மையில் வழுக்குவதற்கு முன்னாலேயே கைக்குத் தகவல் வந்துவிடுகிறது. நீளமான தடத்தில் இந்தத் தகவல் நேரத்தோடு, மெதுவாக வரும். குட்டையான தடமும் விறைப்பான பக்கச்சுவரும் சேர்ந்தால் நெம்புகோல் ஆரம்பத்திலேயே சிறிது, தகவலுக்கும் வழுக்கலுக்கும் இடையிலுள்ள நேரமும் குறைவு. காய்ந்த பாதையில் அது நன்றாகவே பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் விடும்போது சொல்லாமல் விடும்.

பழைய ஸ்டியரிங்கில் உம்மாவின் கை அந்த லேசாகுதலை வருடக்கணக்கில் வாசித்துப் பழகியிருந்தது. அதற்குப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். பெயர் தெரிந்த நாங்கள் அதை உணரவில்லை.

அப்படியானால் அன்றைக்குக் கையிலிருந்து பறித்தது எது? அதற்கு ரிம்மைப் பார்க்க வேண்டியிருந்தது. ரிம்மின் பின்பக்கம் ஈ.டி. என்று ஓர் இலக்கம் இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பூட்டுப்படும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அது சொல்லும். பழையதில் 45. புதியதில் 35. அதாவது தடத்தின் நடு 10 மில்லிமீற்றர் வெளியே தள்ளிவிட்டது. ரிம்மும் 5 அங்குல அகலத்திலிருந்து ஆறரையானதால் வெளி விளிம்பு இன்னும் 19 மில்லிமீற்றர், மொத்தம் 29.

சில்லு திரும்புகிற அச்சை நிலம் வரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். அந்தப் புள்ளிக்கும் தடத்தின் நடுவுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கார் செய்தவர்கள் மிகச் சிறிதாகவே வைத்திருப்பார்கள். ஒரு சில்லு மட்டும் தண்ணீரிலோ மண்ணிலோ அகப்பட்டுப் பின்னால் இழுபட்டால், அந்தத் தூரம்தான் ஸ்டியரிங்கைத் திருப்பும் நெம்புகோல். நாங்கள் அதை ஒரு சென்ரிமீற்றர் நீட்டிவிட்டோம். அகலமான டயர் தண்ணீரையும் கூட அள்ளித் தள்ளியது. இடது சில்லு இழுபட்டது, ஸ்டியரிங் இடது பக்கம் பறிபட்டது.

அதோடு டயர் தண்ணீருக்கு மேல் எழும் பிரச்சினையும் இருக்கிறது. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சில்லுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். காற்றழுத்தம் கூடினால் எழும் வேகமும் கூடும் என்று கண்டார்கள். பிறகு தடத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். தடம் அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால், குறைந்த வேகத்திலேயே தண்ணீர் டயரைத் தூக்கிவிடும். சுவீடன் பனிப்பாதையில் ரேலி ஓட்டுபவர்கள் ஒடுக்கமான டயர் போடுவதும் இதற்குக் கிட்டிய காரணத்துக்காகத்தான். மேலே கிடப்பதைக் கீறிக்கொண்டு கீழே இறங்க வேண்டும்.

கணக்கு முடிந்தபோது மஃரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு வந்து இரண்டு தாளையும் உம்மாவிடம் காட்டினோம். அவர் தேயிலை ஊற்றிக்கொண்டிருந்தார். மகன்தான் விளங்கப்படுத்தினான், நெம்புகோல் வரைக்கும். கடைசியில், "பிழை உங்கட கையில இல்ல, உம்மா. நாங்க மாத்தினதுல" என்றான்.

அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத நான் அண்டைக்கே சென்னேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

வாப்பாவுக்கு இன்னொரு விஷயத்துக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பாதையில் அந்த மனிதர் பேசியபோது மௌனமாக நின்றதற்கு. டயரைப் பற்றித் தெரியாமல் இருந்தது அறியாமை. 18 வளைவையும் அப்போதுதான் சரியாக ஏற்றி வந்தவரைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லும்போது வாய் திறக்காமல் நின்றதற்கு அறியாமை என்று பெயர் வைக்க முடியாது. அதை அவரிடம் கேட்டாகிவிட்டது. இங்கேயும் எழுதிவைக்கிறோம், ஏனென்றால் அது நடந்ததும் நாலு பேர் முன்னால்தான்.

பழைய இரும்பு ரிம்மில் புது 175/70 டயர் போட்டோம். வீல் அலைன்மென்ட் பார்த்தோம். காற்று, ஸ்டிக்கரில் உள்ளபடி. மகனின் முகம் வாடிப்போனதைப் பார்த்து ஒரு சமாதானத்துக்கும் வந்தோம். இந்த டயர் தேய்ந்த பிறகு, சரியான ஈ.டி. உள்ள ரிம் கிடைத்தால், 185/60 ஆர் 14. விட்டம் 577.6, அகலம் ஒரு சென்ரிமீற்றர் மட்டும் கூட. ஆனால் உம்மா ஓட்டிப் பார்த்துச் சரியென்றால் மட்டும். காற்றடைத்த டயர் பரவலானதே பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்காகச் செய்துகொடுத்த வேலையிலிருந்துதானே. மகன் கேட்டால் வாப்பாமார் டயரில் கைவைக்கத்தான் செய்வார்கள். ஓட்டுகிறவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அலோய் ரிம் நாலும் விற்பனைக்கு இருக்கிறது. ஒன்றில் கானில் அடித்த நெளிவு. அதைத் தட்டிப் பெயின்ற் அடித்தால் தெரியாது என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். மகன் நெளிவையும் கிட்டத்தில் படம் எடுத்துத்தான் விளம்பரம் போட்டான். இன்னும் விற்கவில்லை. பரவாயில்லை.

அகல டயர் போட நினைப்பவர்களுக்கு எங்களுக்குத் தெரிந்த நாலு வார்த்தை:

விட்டம் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்து நிற்காதீர்கள். ஈ.டி. இலக்கத்தையும் ரிம் அகலத்தையும் பாருங்கள்.

காற்றை ஊகத்தில் அடிக்க விடாதீர்கள். கதவு ஸ்டிக்கரிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்டியரிங் பாரமாக இருப்பதை "உறுதி" என்று எண்ணிவிடாதீர்கள். பாரம் வேறு, தகவல் வேறு.

காரை அதிகம் ஓட்டுகிறவர் ஏதாவது மாறிவிட்டது என்று சொன்னால், அவருக்கு அதன் பெயர் தெரியாவிட்டாலும், சிரிக்காமல் இறங்கிப் போய் டயரைப் பாருங்கள்.

போன வெள்ளிக்கிழமை காலை உம்மா திறப்பை எடுத்தார். நாங்கள் இருவரும் கூட ஏறப் பார்த்தோம். "நீங்க வேணாம்" என்று சொல்லிவிட்டு மகளை மட்டும் ஏற்றிக்கொண்டு ராஜவெல்லப் பக்கம் ஒரு சுற்றுப் போனார். அரை மணித்தியாலம் வாசலில் நின்றோம். முதல்நாள் இரவு மழை பெய்து பாதை ஈரம்.

திரும்பி வந்து, கேட்டுக்குள் ஒரே திருப்பில் காரை ஏற்றி நிறுத்தினார். எப்படி என்று கேட்டோம்.

"முன் இடது சில்லுல காத்து கொஞ்சம் கொறவு போல. பாருங்க" என்றார்.

அளந்து பார்த்தோம். 26 இருந்தது.